பதினேழு பேருக்கு டிக் எடுத்தேன்

பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இந்த பஸ்ஸில் காலுக்கடியில் வைத்தால் ராஜபாளையம் போவதற்குள் சூட்டில் வெந்துவிடும். உள்ளே கம்ப்யூட்டர்தானே? கம்ப்யூட்டர் வேலையா? அப்படியானால் ஒன்று கேட்கிறேன். ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு டிக். டிக் இருந்தால் என்ன அர்த்தம், எடுத்துவிட்டால் என்ன அர்த்தம்?

சிரிக்கிறீர்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

"அது இடத்தைப் பொறுத்தது" என்கிறீர்களா? அதுதான் என் வழக்கே. ஏன் இடத்தைப் பொறுக்க வேண்டும்? சிவப்பு விளக்கு என்றால் சங்கரன்கோவிலிலும் நில், மதுரையிலும் நில். டிக்குக்கு மட்டும் ஏன் பக்கத்துக்குப் பக்கம் ஒரு கொள்கை?

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவிலில் நாயகம் டிஜிட்டல்ஸ் என்று கடை. போஸ்டர், ஃபிளெக்ஸ், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, எல்லாம் உண்டு. ஆனால் கடை நிற்பது கண்ணீர் அஞ்சலியில்தான். கல்யாணத்துக்கு நாலு கடை ஏறி இறங்கி விசாரிப்பார்கள். துக்கத்துக்கு விசாரிக்க மாட்டார்கள், நேராக என்னிடம் வருவார்கள். காரணம், வேகம். ஐந்து மணிக்கு ஆள் போனால் ஏழு மணிக்குச் சுவரில் இருப்பார். தென்காசிக்காரன்கூட அந்த வேகத்துக்கு வர முடியாது.

எப்படி என்று யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் மதுரையில் இறங்கிப் போய்விடுவீர்கள், அதனால் சொல்கிறேன்.

வீட்டில் ஒருவருக்கு ரொம்ப முடியவில்லை என்றால், பெரிய மகனோ மருமகனோ வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்புவார்கள். கீழே ஒரே வரி: "அண்ணாச்சி, எதுக்கும் ஒண்ணு போட்டு வைங்க." அவ்வளவுதான். அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன். போட்டு வைப்பேன்.

போட்டு எங்கே வைப்பது? அங்கேதான் மற்ற கடைக்காரனுக்கும் எனக்கும் வித்தியாசம். மூச்சு இருக்கிற மனிதருடைய கண்ணீர் அஞ்சலியைக் கம்ப்யூட்டரில் பெயர் போட்டு வைத்திருப்பது நல்லதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. அதனால் நான் என்ன செய்வேன் என்றால், போஸ்டரை 'அச்சுக்கு' என்கிற ஃபோல்டரில் செய்து முடித்து, உடனே அழித்துவிடுவேன். அது கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். இருக்கிறது, ஆனால் இல்லை. தகவல் வந்ததும் குப்பைத்தொட்டியைத் திறந்து, அதன் பெயர் மேல் மவுஸை வைத்து 'ரெஸ்டோர்' என்று ஒரு தட்டு. போஸ்டர் தானாக 'அச்சுக்கு' ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிழைத்து வந்துவிட்டாரா? அதுவும் சந்தோஷம்தான். தொட்டியிலேயே கிடக்கட்டும்.

தேதி? தேதியே கிடையாது. "இன்று இயற்கை எய்தினார்" என்று போட்டுவிடுவேன். எந்த நாளில் ஒட்டினாலும் அது இன்றுதானே. "இறுதி ஊர்வலம் மாலை 4 மணி." எங்கள் ஊரில் எல்லாருக்கும் நாலு மணிதான். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாக யோசித்தது.

அந்த 'அச்சுக்கு' ஃபோல்டர் அமலியம்மாவின் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர். சர்ச்சுக்குப் போய்விட்டு ஐந்தரைக்குக் கடை திறப்பார். ஃபோல்டரில் என்ன இருக்கிறதோ, ஆளுக்கு இருபது அடித்து, ஒட்டுகிற சுடலையிடம் கொடுத்துவிடுவார். எதையும் என்னிடம் கேட்கக் கூடாது என்பது என் சட்டம். ஒரு தடவை இனிஷியல் சரியா என்று கேட்க ஒரு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அங்கே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன பேச்சு வாங்கினோம் தெரியுமா? அன்றைக்குப் போட்ட சட்டம்: துக்க வேலைக்குக் கேள்வி கிடையாது.

நல்ல சட்டம் தம்பி. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல சட்டம்.

இப்படி எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டது. சி டிரைவில் நீலமாக இருந்த பட்டை சிவப்பாகிவிட்டது. ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸைத் திறந்தால் பாதி காதோடு நின்றுவிடுகிறது. சரி என்று இன்டர்நெட்டில் தேடி, இலவசமாக ஒரு சுத்தம் செய்கிற சாப்ட்வேரை இறக்கினேன். பெயர் எதற்கு. துடைப்பம் படம் போட்டிருந்தது.

மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் பக்கம். 'தற்காலிகக் கோப்புகள்', டிக். 'பழைய படங்கள்', டிக். 'குப்பைத்தொட்டி', டிக். எல்லாவற்றுக்கும் அவனே பச்சை நிறத்தில் டிக் போட்டு வைத்திருக்கிறான். கீழே பட்டை மாதிரி பெரிய பச்சைப் பட்டன். வேறு ஆளாக இருந்தால் அமுக்கிவிட்டுப் போயிருப்பான். நான் நின்று படித்தேன். டிக் போட்டதெல்லாம் போய்விடும் என்று புரிந்தது. குப்பைத்தொட்டிக்கு மட்டும் டிக்கை எடுத்தேன். என் ஆட்கள் பதினேழு பேர் உள்ளே இருக்கிறார்களே.

பச்சைப் பட்டனை அமுக்கினேன். இரண்டாம் பக்கம் வந்தது. அதில் என் பதினேழு பேரும் வரிசையாக, பெயரோடு. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதே கட்டம், அதே பச்சை டிக்.

நீங்களே சொல்லுங்கள். முந்தின பக்கத்தில் டிக் என்றால் என்ன? போய்விடும். அதை எடுத்தால்? தப்பிக்கும். முதல் பக்கத்தில் தப்பித்தவனை இரண்டாம் பக்கத்தில் மறுபடியும் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மொத்தமாக எடுக்க வழியே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினேழு தடவை. நடுவில் ஒருவருக்கு எடுத்தது மறுபடி விழுந்துவிட்டது, அதையும் போய் எடுத்தேன். பொறுமையாக, பொறுப்பாக.

மறுபடி பச்சைப் பட்டன். 'வாழ்த்துகள்' என்று திரை முழுக்கப் பலூன் பறந்தது.

மறுநாள் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அதை மறுபடி திறந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோதுதான், அந்த இரண்டாம் பக்கத்தின் தலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வரி இருந்தது தெரிந்தது. இங்கிலீஷில். டிக் உள்ளவை தொட்டியிலேயே இருக்கும், டிக் இல்லாதவை பழைய இடத்துக்குத் திரும்பும் என்று. பலூனுக்கு இவ்வளவு நிறம் வைத்தவன், அந்த வரிக்கு ஒரு கறுப்பு வைக்கக் கூடாதா?

பழைய இடம் எது? 'அச்சுக்கு.'

அன்று காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது. என் மனைவி ஆவுடைதான் எடுத்தாள். எதிர்முனையில் யாரோ, "அக்கா, அப்பா எப்ப தவறுனாங்க? ராத்திரி நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது.

ஆமாம். பதினேழில் என் மாமனாரும் ஒருவர்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவசிக்கண்ணு என்றால் எங்கள் பக்கம் தெரியும். நூற்பாலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். எழுபத்தெட்டு வயது. அத்தை போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆவுடைக்கு ஒரு அண்ணன் உண்டு, வேலாயுதம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓசூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணைத் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான். "எனக்கு மகன் இல்லை" என்று மாமா சொன்னார். அன்றோடு சரி. அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அதற்கப்புறம் ரேஷன் கார்டா, கண் ஆஸ்பத்திரியா, கரண்ட் ஆபீஸா, எல்லாவற்றுக்கும் நான்தான். மகன் ஸ்தானம் என்று நானாகச் சொல்லவில்லை, ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை.

மாமாவுக்கு யாரும் போட்டு வைக்கச் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடலிறக்கம் என்று ஆபரேஷன் நடந்தது. நானாகவே போட்டு வைத்தேன். மருமகன் என்றால் ஒரு பொறுப்பு வேண்டாமா?

ஓடினோம். வாசலில் ஏற்கெனவே எட்டுப் பத்துப் பேர். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரியும். காலையில் டீக்கடைக்கு நடந்து போனபோது, சுடலை அவருடைய முகத்தைச் சுவரில் தடவிக்கொண்டிருந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தவன் பசை வாளியைக் கீழே போட்டுவிட்டான்.

"ஓடாதடே," என்றாராம் மாமா. "மேல் மூலை தூக்கிட்டு நிக்கி பாரு. அதை அமுக்கு."

பிறகு நின்று முழுசாகப் படித்திருக்கிறார். ஒரு தடவை இல்லையாம், இரண்டு தடவை. சங்கத்தில் முப்பது வருஷம் போஸ்டர் ஒட்டின ஆள்.

நான் கடைக்கு ஓடினேன். கடை பூட்டியிருந்தது. கதவில் அமலியம்மா கையெழுத்தில் ஒரு தாள்: "முதலாளி வீட்டில் துக்கம். கடை விடுமுறை." அவரைத் தேடிப் பிடித்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏம்மா, பதினேழு பேர் ஒரே நாள்ல போவாங்களா? ஒரு போன் போடக்கூடாதா?"

"ஏதோ வேன் கவுந்துட்டுன்னு நெனச்சேன் அண்ணாச்சி. கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மாமா படத்தைப் பாத்துமா கேக்கல?"

"அதைப் பாத்தப்புறம் எப்படிக் கேப்பேன்? நீங்களே என்ன நெலமைல இருப்பீங்களோன்னு... அவங்களுக்கு மட்டும் அம்பதா அடிச்சேன்."

ஐம்பது! எதைக் கேட்டாலும் இருபதுக்கு மேல் அடிக்காத ஆள்.

மற்ற பதினாறு பேரையும் போய்ப் பார்த்தேன். ஒளியவில்லை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் போஸ்டரைத் தானே கிழித்துக்கொண்டு கடைக்கு வந்து, மேற்கோள் குறி தப்பு என்றார். ஒரு அம்மா, "இவ்வளவு பெருசா என்னை யாருமே போட்டதில்ல" என்று ஒன்றை வீட்டுக்கு வாங்கிப் போனார். ஒரு வீட்டில் மட்டும், போட்டு வைக்கச் சொன்ன மகன் அப்பாவுக்கு எதிரிலேயே என்னை முறைத்து, "யாரைக் கேட்டு இதைப் போட்டீரு?" என்றான். அவன் அனுப்பின வாட்ஸ்அப் என்னிடம் இருக்கிறது. காட்டவில்லை. தொழில் நாணயம்.

மத்தியானம் மாமா வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் செருப்பு குவிந்திருந்தது. மாலையோடு வந்தவர்கள், மாலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா எல்லாரையும் உட்கார வைத்தார். அந்தப் போஸ்டரில் ஒன்றை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார்.

"இதை எப்ப போட்டீங்க மாப்ள?"

"இது ஒரு தப்பு மாமா. கம்ப்யூட்டர்ல டிக்..."

"எப்ப போட்டீங்க?"

"ஆபரேஷன் அன்னைக்கு."

"முந்தியா, பிந்தியா?"

"அன்னைக்கு மத்தியானம் மாமா."

"அன்னைக்கு மத்தியானம் நீங்க எனக்கு எளநீ வாங்கிட்டு வந்தீங்க."

"ஆமா மாமா. குடுத்துட்டுப் போய்தான் போட்டேன்."

 உண்மையைத்தானே சொன்னேன்? சமையல்காரர் முதல் நாளே அரிசி வாங்கி வைப்பதில்லையா? பந்தல்காரர் கம்பு இறக்கி வைப்பதில்லையா? நான் செய்தால் மட்டும் ஏன் எல்லாரும் தரையைப் பார்க்க வேண்டும்? டிக்கைப் பற்றி விளக்கினேன். முதல் பக்கம் இப்படி, இரண்டாம் பக்கம் இப்படி என்று தாளில் கட்டம் போட்டே காட்டினேன். யாருமே கேட்கவில்லை. ஆவுடை மட்டும், "ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள்.

மாமா அந்தப் போஸ்டரை விரித்தார். அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் மாமா. மேலே ஓரத்தில் போய்ச் சேர்ந்த அத்தை. வலது பக்கம் நான். இடது பக்கம் கீழே ஆவுடையும் பிள்ளைகளும். என் படம் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று பிறகு பேச்சு வந்தது. அது என் நல்ல போட்டோ, கோட் போட்டது, சின்னதாக்கினால் கோட் தெரியாது. 'ஆழ்ந்த துயரில்' என்று போட்டு எங்கள் பெயர்கள். வேலாயுதம் பெயர் இல்லை. எப்படிப் போட முடியும்? மகன் இல்லை என்று சொன்னது அவர்தானே.

மாமா அந்தப் பெயர்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே போனார். கீழே போய், மறுபடி மேலே வந்தார். எதையோ தேடுகிற மாதிரி. எழுத்துப் பிழை என்று நினைத்தேன். "எல்லாம் ரெண்டு தடவை பாத்துட்டேன் மாமா" என்றேன்.

"ம்," என்றார்.

வந்தவர்கள் எல்லாம் மூன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். மாமாவை உள்ளே வந்து படுக்கச் சொன்னாள் ஆவுடை. அசையவில்லை. நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாலு மணி தாண்டிப் பத்து நிமிஷம் இருக்கும். தெருமுனையில் ஒரு வாடகைக் கார் திரும்பியது. வாசலில் நின்றது. வேலாயுதம் இறங்கினான். கூட ஒரு பெண், பத்து வயசுப் பிள்ளை ஒன்று. அவன் கையில் பெரிய ரோஜா மாலை. யாரோ ஓசூருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். அவன் எட்டு மணிக்குக் கிளம்பி, நடுவில் பயந்துகொண்டு யாருக்கும் போன் செய்யாமல், யார் கூப்பிட்டாலும் எடுக்காமல் வந்திருக்கிறான்.

இறங்கினவன் நிமிர்ந்து பார்த்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

மாமாதான் முதலில் பேசினார்.

"நாலு மணின்னு போட்டிருக்குல்ல. லேட்டா வாரே."

 அந்தச் சின்னப் பிள்ளை அம்மாவின் கையை இழுத்து, "தாத்தா இவங்கதானாம்மா? செத்துட்டாங்கன்னு சொன்னீங்க?" என்றாள்.

"கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்," என்றார் மாமா. "வா உள்ள. அந்த மாலைய வச்சுக்கிட்டு நிக்காதடா, வாடிரும். உங்கம்மா படத்துக்குப் போடு."

ஆவுடை தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாரும் உள்ளே போனார்கள். ஆவுடை காப்பி போட்டாள். எண்ணி ஐந்து டம்ளர் வந்தது. நான் ஆறாவது ஆள். மறந்திருப்பாள், சந்தோஷத்தில் அப்படித்தான் ஆகும். நான் வாசலில் நாற்காலியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அது மடக்குகிற நாற்காலி இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி ஆவுடை கேட்டாள்: "நீங்க சரியா அமுக்கியிருந்தா எங்கண்ணன் வந்திருப்பானா?" அது வேறு கேள்வி தம்பி. நான் கேட்பது டிக்கைப் பற்றி. நல்லது நடந்துவிட்டது என்பதற்காகத் தப்பாக வரைந்த பக்கம் சரியாகிவிடுமா? அந்தச் சாப்ட்வேர்காரனுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று பதில் வந்தது.

வேலாயுதம் இப்போது மாதம் இரண்டு தடவை வருகிறான். கரண்ட் ஆபீசுக்கு அவனே போய்வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வரிசையில் எந்த ஜன்னல் என்றுகூட அவனுக்குத் தெரியாது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன வாரம் மாமா கடைக்கு வந்தார். கடை திறந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அமலியம்மா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். மாமா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை எடுங்க மாப்ள."

"எதை மாமா?"

"என்னோடதை."

எடுத்தேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்றுன்னு போட்டிருக்கது நல்லாத்தான் இருக்கு. அது இருக்கட்டும்," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். வேலாயுதமும் அந்தப் பெண்ணும் பிள்ளையும்.

"இதை வலது பக்கம் வைங்க."

"அங்க நான் இருக்கேனே மாமா."

"ஆமா. அந்த எடத்துலதான்."

வைத்தேன். கோட் போட்ட என் படத்தை எடுத்து ஓரமாக, தாளுக்கு வெளியே வைத்தேன். அவர் தலையாட்டினார். எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் எங்க மாமா?" என்றேன். லே-அவுட்டுக்காகத்தான் கேட்டேன்.

அவர் வாசல்வரை போய்விட்டார். திரும்பி நின்று சொன்னார்: "அது உங்க கைலதானே இருக்கு மாப்ள. எங்க வேணும்னாலும் வச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒரு வாரமாக வைத்துப் பார்க்கிறேன். ஆவுடை பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தலை மறைகிறது. கீழே வைத்தால் நாலு மணியை மறைக்கிறது. மேலே அத்தை படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நானும் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. சின்னதாக்கினால் ஆள் தெரியவில்லை. எடுத்தே விடலாம் என்று எடுத்தும் பார்த்தேன். போஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

ஒரு பிரதி அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கோட் போட்டதையும் தனியாக வெட்டி வைத்திருக்கிறேன். பஸ் குலுங்குகிறது, அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் தம்பி. நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இதில் என்னை எங்கே வைக்கலாம்?